கடலுக்கு இறங்கும் பாதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கடலை ஒட்டிய குன்றுகளிலும், அவற்றைப் பிளந்துகொண்டு கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்குகளிலும் நடப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் வீட்டுக்கு அருகில் கடலை நோக்கி இறங்கும் ஒரு சிறிய பள்ளத்தாக்கும், அதன் தலைமேல் ஒரு குன்றும் இருக்கின்றன. பாதை முழுவதையும் நடந்தாலும் நான்கு கிலோமீட்டரைத் தாண்டாது. பெயர்பெற்ற மலைப்பாதைகளுக்குப் போக வாய்ப்பு வரும்வரை இதையே திரும்பத் திரும்ப நடப்பதில் பயன் உண்டா?

பதில்: நிறைய உண்டு. பெயர்பெற்ற பாதைக்கு ஒருமுறை சென்று வருகிறவர் அந்தப் பாதையின் ஒரே ஒரு நாளைத்தான் பார்த்துவிட்டு வருகிறார். நீங்களோ ஓர் ஆண்டில் முப்பது நாள் அதே பாதையில் நடந்தால், மழைக்குப் பின் எந்த வளைவில் தண்ணீர் தேங்குகிறது, எந்த மாதத்தில் எந்தப் புதர் பூக்கிறது, காற்று எந்த நேரத்தில் திசை மாறுகிறது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே அறிந்துகொள்வீர்கள். அந்த அறிவு கையில் இருந்தால், பிறகு முன்பின் தெரியாத பாதைக்குப் போகும்போதும் நிலம் சொல்வது புரியும்.

நம் இலக்கணம் மலையைக் குறிஞ்சி என்றும் கடற்கரையை நெய்தல் என்றும் பிரித்து வைத்தது. பிரித்த கையோடு ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் கலந்து வருவதையும் திணைமயக்கம் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. கடலோரப் பள்ளத்தாக்கு அப்படி இரண்டும் மயங்கும் நிலம். ஒரு மணி நேர நடைக்குள் உப்புக்காற்று அறைகின்ற பாறைமுனை, நிழல் படர்ந்த ஓடைக்கரை, வெயில் காய்கின்ற மலைமுகடு ஆகிய மூன்றையும் கடந்துவிடலாம். உள்நாட்டு மலையில் இவ்வளவு மாற்றத்தைக் காண ஒரு நாள் முழுதும் ஏற வேண்டியிருக்கும்.

தொடக்கமாக ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்துச் சென்று, ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், ஓடையில் தண்ணீர் இருந்ததா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது ஆகிய நான்கை மட்டும் எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பேட்டைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: கடலிலிருந்து வெகு உயரத்தில், குன்றின் மேல் சமதளமாக இருக்கும் இடத்தில் சிப்பி ஓடுகள் பதிந்த கற்களைக் கண்டேன். யாராவது கொண்டுவந்து போட்டிருப்பார்களா, அல்லது கடல் அங்கே இருந்ததா?

பதில்: கல்லுக்குள் பதிந்திருக்கின்றன என்றால் மனிதர் போட்டவையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் சொல்கின்ற அந்தச் சமதளம்தான் முக்கியமான தடயம். கடலலை ஒரே மட்டத்தில் நீண்டகாலம் மோதும்போது, கரைப்பாறையை அரித்து ஒரு தட்டையான மேடையை உருவாக்குகிறது. பிறகு நிலம் மெல்ல உயர்ந்தால், அந்த மேடை அலைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கடல் அதற்குக் கீழே இன்னொரு மேடையை அரிக்கத் தொடங்கும். இப்படி உருவாகும் படிக்கட்டுகளைக் கடல்மேடைகள் என்பர். கலிபோர்னியாவின் வடகடலோரத்தில், மெண்டோசினோ அருகேயுள்ள ஜக் ஹேண்டில் என்ற இடத்தில், ஒரே நடைபாதையில் இத்தகைய படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்கலாம். அங்கே ஐந்து படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழேயுள்ளதைவிட ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகள் மூத்தது. கீழ்ப்படியில் புல்வெளி, அதற்கு மேல் ஓங்கிய மரங்கள், அதற்கும் மேலே சத்தெல்லாம் கரைந்துபோன மண்ணில் பல பத்தாண்டுகள் வளர்ந்தும் மனிதரின் நெஞ்சளவைத் தாண்டாத குட்டை மரங்கள் என்று, மண்ணின் வயது செடிகளில் தெரிகிறது.

பள்ளத்தாக்கின் கதை இதற்கு எதிர்ப்புறமாகச் செல்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக நிலத்தில் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. கடல் தள்ளிப்போனதால் ஓடைகள் இன்னும் ஆழமாக இறங்க வேண்டியிருந்தது. அவை பாறையை அறுத்துக்கொண்டே சென்றன. பனி உருகிக் கடல் திரும்பி வந்தபோது, அறுபட்ட பள்ளத்தாக்குகளின் வாய்ப்பகுதி மூழ்கியது. பிரான்சில் மார்செய் நகருக்கும் காசீஸுக்கும் இடையிலுள்ள கலாங்க் எனப்படும் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகள் அப்படிப் பாதி மூழ்கியவை. அங்கே கோஸ்கர் குகை என்று ஒன்று உண்டு. அதன் வாயில் இப்போது கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே நீர் எட்டாத சுவர்களில் குதிரைகளும், பென்குவினைப் போன்ற கடற்பறவைகளும் வரையப்பட்டிருக்கின்றன. வரைந்தவர்கள் கால்நடையாகவே உள்ளே போனவர்கள்.

ஆகவே உங்கள் குன்றின் சிப்பிகள் நிலம் எழுந்ததையும், உங்கள் பள்ளத்தாக்கின் ஆழம் கடல் தாழ்ந்ததையும் காட்டக்கூடும். இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கின்ற வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருப்பதை எண்ணி மகிழ்கிறேன். கற்களை எடுத்து வராமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிய சிப்பி எதற்கும் சான்றாகாது.

கேள்வி: எங்கள் பாதை பள்ளத்தாக்கு வழியாகக் கடற்கரையை அடைகிறது. திரும்பும்போது வந்த வழியே ஏறாமல், பாறைமுனையைச் சுற்றிக் கரையோரமாகவே அடுத்த வளைகுடாவுக்குப் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இது பாதுகாப்பானதா?

பதில்: கடலின் நேரம் தெரிந்தால் பாதுகாப்பானது, தெரியாவிட்டால் வேண்டாம். பல கடற்கரைகளில் ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் ஆகின்றன. அதனால் நேற்று பாதை திறந்திருந்த அதே மணிக்கு இன்று போனால், கடல் ஏறத்தாழ 50 நிமிடங்கள் பின்தங்கிய நிலையில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றும். வற்றம் அதிகமாகத் தெரிவதைக் கண்டு மகிழ்ந்து முனையைச் சுற்றிச் செல்கிறவர்கள், அதே நாளில்தான் ஏற்றமும் அதிகம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நானும் ஒருமுறை மறந்திருக்கிறேன். நண்பர் ஒருவருடன் ஒரு பாறைமுனையைக் காலில் ஈரம் படாமல் சுற்றிச் சென்று, அப்பாலிருந்த சிறிய மணற்பரப்பில் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்துவிட்டேன். திரும்பியபோது முனையில் தண்ணீர் தொடைவரை இருந்தது. ஒவ்வொரு அலையும் எங்களைப் பாறையோடு சேர்த்துத் தள்ளியது. பின்னால் செங்குத்தான மண்சரிவு, ஏற வழியில்லை. அலை எட்டாத ஒரு பாறைத்திட்டில் ஏறி, நீர் ஏறி மீண்டும் வற்றும்வரை ஏழு மணி நேரம் காத்திருந்து, இருட்டிய பிறகே திரும்பினோம். காத்திருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். அந்த நேரத்தில் நீரில் இறங்கி நடக்க முயல்வதும், மண்சரிவில் தொற்றி ஏற முயல்வதும்தான் இத்தகைய இடங்களில் உயிரைப் பறிக்கின்றன.

கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது, அதாவது தாழ்மட்டத்தை எட்டுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பாக முனையைக் கடந்துவிடுங்கள். அதே வற்றத்துக்குள் திரும்பவும் முடியாது என்றால், அப்பாலுள்ள வளைகுடாவிலிருந்து மேலே ஏற வேறு பாதை உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடற்காற்று வலுவாக இருக்கும் நாளில் அட்டவணை சொல்வதைவிட நீர் உயரமாக ஏறலாம். செங்குத்துப் பாறையின் அடியில் உட்கார்ந்து உணவு உண்பதையும், அதன் மேல்விளிம்பில் நின்று படம் எடுப்பதையும் தவிருங்கள். அலை அடியை அரிக்க, மழை மேலிருந்து ஊற, முன்னறிவிப்பின்றி இடிந்து விழுவது அவற்றின் இயல்பு.

கேள்வி: வானம் தெளிவாக இருக்கும்போதும் ஓடைப் படுகையில் நடக்கக் கூடாது என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?

பதில்: நீங்கள் நிற்குமிடத்து வானத்துக்கும் ஓடைக்கு நீர் வருமிடத்து வானத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று குன்றின் மேல் எழும்பித்தான் மழையாகிறது. கரையில் வெயிலடிக்கும்போதே முகட்டுக்கு அப்பால் கொட்டிக்கொண்டிருக்கலாம். சரிவு செங்குத்தாகவும் மண் மெல்லியதாகவும் இருப்பதால் விழுந்த நீர் ஊறாமல் ஓடுகிறது. பள்ளத்தாக்கோ கடலை நெருங்க நெருங்கக் குறுகி, ஒதுங்க இடமின்றிப் போகிறது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, வளைவுக்கு மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, யோசிக்காமல் உடனே பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாதீர்கள். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரியவரையும் கால் வாரிவிடும்.

ஹவாயின் கவாய் தீவில், நா பாலி மலைச்சரிவுகளை ஒட்டி 18 கிலோமீட்டர் செல்லும் கலலாவ் பாதை ஹனகாபியாய் என்ற ஓடையைக் கடக்கிறது. வெயிலில் கடந்து போனவர்கள், மேலே பெய்த மழையால் திரும்ப முடியாமல் அக்கரையில் சிக்கிக்கொள்வது அங்கே பலமுறை நடந்திருக்கிறது. இதில் ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. இத்தகைய ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது என்பதால், மழை விட்டபின் வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பையில் ஒரு கனமான மேலாடையும் சிறிது கூடுதல் உணவும் இருப்பவருக்குக் காத்திருப்பது துன்பமாகாது.

கேள்வி: கைபேசியில் வரைபடம் இருந்தால் போதாதா?

பதில்: முன்கூட்டியே பதிவிறக்கி வைத்த வரைபடம் என்றால் பெருமளவு போதும். இருக்குமிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ், செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவதால் சிக்னல் இல்லாத இடத்திலும் இயங்கும். ஆனால் உயரமான பாறைச்சுவர்களுக்கு இடையில் அது மறைபட்டும் எதிரொலித்தும் வருவதால், உங்களை அடுத்த சரிவில் நிற்பதாகக் காட்டிவிடும். எனவே ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் உள்ள ஒரு காகித வரைபடத்தையும் ஒரு விசிலையும் உடன் வைத்திருங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது இவை எல்லாவற்றையும்விட மேலானது.

கேள்வி: எனக்கு வயது 62. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. ஒரு பாதைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பே கணக்கிட வழியுண்டா?

பதில்: ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. அதை மெட்ரிக் அளவில் சொன்னால், ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதை என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். அது உடற்கட்டுள்ளவர் நிற்காமல் நடக்கும் நேரம் என்பதால், நீங்கள் அதோடு பாதியைக் கூட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நடக்கும்போதும் அப்படித்தான் கூட்டிக்கொள்கிறேன்.

பள்ளத்தாக்கு நடையில் இந்தக் கணக்குக்கு அப்பால் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையில் ஏற்றம் முதலில் வருகிறது. முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். மேலிருந்து தொடங்கும் பள்ளத்தாக்கில் இறக்கம் முதலில் வந்து உற்சாகத்தைக் கூட்டிவிட்டு, ஏற்றத்தைக் களைப்பும் வெயிலும் மிகுந்த நேரத்துக்கு ஒதுக்கி வைக்கிறது. ஆகையால் இறங்க ஆகும் நேரத்தைப்போல் இரு மடங்கு ஏற ஆகும் என்று எண்ணி, கையிலுள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் திரும்பிவிடுங்கள். கிரீட் தீவின் சமாரியா பள்ளத்தாக்கில் இந்த ஏற்றம் கிடையாது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, சுமார் 16 கிலோமீட்டர் இறங்கிக் கடற்கரைக் கிராமத்தை அடைந்து, அங்கிருந்து படகில் வெளியேறுகிறார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். உங்கள் முழங்காலுக்கு அதைப்போன்ற தண்டனை வேறில்லை. இரண்டு ஊன்றுகோல்களுடன், குட்டையான அடிகளாக வைத்து, கீழிருந்து தொடங்கி ஏறி அதே வழியில் திரும்பும் குறுகிய பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். மூச்சு வாங்குவது புதிதாகத் தொடங்கியது என்றால், நடைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: காலையில் மூடுபனி சூழ்ந்திருக்கும்போது போவதா, விலகியபின் போவதா? ஒரே பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மட்டும் ஏன் பசுமையாக இருக்கிறது?

பதில்: குளிர்ந்த கடல்நீரோட்டம் உள்ள கரைகளில், கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தாழ்வாகப் படுத்திருக்கும், அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்திருக்கும். மூடுபனி அந்த மூடிக்குக் கீழே அடைபட்டது. ஆகவே கீழே குளிரில் புறப்பட்டு ஏறுகிறவர், சில நூறு மீட்டர் உயரத்தில் திடீரென வெயிலுக்குள் நுழைகிறார். காலடியில் வெண்கடலாகப் பனி, அதைத் துளைத்துக்கொண்டு தீவுகள்போல் முகடுகள். இதைவிட அழகான காட்சியைக் கடலோரக் குன்றுகளில் நான் கண்டதில்லை. அதனால் பனி இருக்கும்போதே புறப்படுங்கள் என்பேன். கீழே இருந்த குளிரை நம்பித் தண்ணீரைக் குறைத்து எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு மணி நேர நடைக்கு அரை லிட்டர், வெயில் கடுமையானால் அதற்கும் மேல் தேவைப்படும்.

அந்தப் பனி செடிகளுக்கு மழையாகவும் ஆகிறது. கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் ஓராண்டில் மண்ணுக்கு வந்து சேரும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இலைகளில் படிந்து சொட்டும் மூடுபனியிலிருந்து வருவதாக ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். சான் டியேகோ அருகேயுள்ள மணற்கல் சரிவுகளிலும் சாண்டா ரோசா தீவிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத டோரி பைன் மரமும், தன் நீண்ட ஊசியிலைகளால் பனியைப் பிடித்துத்தான் வறண்ட கோடையைக் கடக்கிறது. அம்மரத்தின் கீழ் மழையில்லாத காலையில் மண் நனைந்திருப்பதைக் காணலாம்.

ஒரு பக்கம் மட்டும் பசுமையாக இருப்பதற்குக் காரணம் வெயிலின் கோணம். வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவு நேர்வெயிலை வாங்கிக் காய்ந்து, குட்டையான மணப்புதர்களையே தாங்கும்; வடக்கு நோக்கிய சரிவு ஈரத்தைத் தக்கவைத்து மரங்களை வளர்க்கும். தென் அரைக்கோளத்தில் இது தலைகீழ். காலையில் காய்ந்த பக்கத்திலும் நண்பகலில் பசுமைப் பக்கத்திலும் நடக்குமாறு சுற்றுப்பாதையின் திசையைத் தேர்ந்துகொண்டால் உடல் பாதி களைப்புதான் அடையும். அந்த மணப்புதர்களின் எண்ணெய் நெருப்பை விரைவாகப் பற்றும். பள்ளத்தாக்கு புகைபோக்கிபோல் அதை மேலே இழுக்கும். கடற்காற்று நின்று, நிலத்திலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று பலமாக வீசும் நாளில் இப்பாதைகளுக்குப் போகவே போகாதீர்கள். கலாங்க் பகுதியில் கோடை மாதங்களில் தீ அபாயத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் பாதைகளைத் திறப்பதா மூடுவதா என்று அறிவிப்பது இந்தக் காரணத்தால்தான்.

கேள்வி: பாதையோரச் செடியைத் தொட்டதில் கையெல்லாம் கொப்புளமாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: மருத்துவரிடம் காட்டுங்கள். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் சேராங்கொட்டையின் பாலும் தோலைப் புண்ணாக்குவதை அறிந்திருப்பீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த சில காட்டுச்செடிகள், வட அமெரிக்காவின் மூவிலை நச்சு ஓக் போன்றவை, அதே வேலையைச் செய்கின்றன. பட்டவுடன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவதும், உடுப்பையும் காலணியையும் தனியே துவைப்பதும் பெருமளவு காக்கும். பெயர் தெரியாத செடியைத் தொடாதிருப்பதே நல்லது.

கேள்வி: கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றாமல் நேராக இறங்கினால் நேரம் மிச்சமாகிறது. இதில் என்ன கேடு?

பதில்: உங்கள் காலடி விழுந்த நேர்க்கோட்டில் அடுத்த மழைநீர் ஓடும். பாதையை வளைத்து வளைத்து அமைத்தவர்கள் நீரின் வேகத்தைக் குறைக்கத்தான் அப்படி அமைத்தார்கள். நான்கு பேர் குறுக்கே இறங்கினால் புல் அழிகிறது, நாற்பது பேர் இறங்கினால் அங்கே ஓர் ஓடை பிறக்கிறது. கடல்மேடைகளின் மண் பெரும்பாலும் இறுகாத மணலும் களியும் என்பதால் அந்தக் காயம் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சேற்றைச் சுற்றிப் புல்லில் நடப்பதும் இதைப்போலவே பாதையை அகலமாக்கும். சேற்றுக்குள்ளேயே நடங்கள், காலணியைக் கழுவிக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் பல ஆண்டுகளாக நடக்கும் பள்ளத்தாக்கில் கட்டடங்கள் வரப்போவதாகப் பேச்சு இருக்கிறது. வெறுமனே நடக்கிறவர்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: கலிபோர்னியாவின் லகூனா பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டமிருந்தபோது, 1989 நவம்பரில் ஏறத்தாழ 8,000 பேர் பள்ளத்தாக்குச் சாலையில் ஒன்றாக நடந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அங்குள்ள லகூனா பீச் நகரத்து வாக்காளர்கள், நிலத்தை விலைக்கு வாங்குவதற்காகத் தங்கள்மீதே வரி போட்டுக்கொண்டு 2 கோடி டாலர் கடன் திரட்ட ஒப்புதல் அளித்தார்கள். இன்று அந்த நிலம் லகூனா கடலோர வனப்பூங்காவின் பகுதி. யாரும் போய் நடக்கலாம்.

எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று நான் உறுதி கூற முடியாது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் நடந்தவர்களாக இருப்பதில்லை. அவர்களிடம் இருப்பது நில அளவுப் படம் மட்டுமே. ஓடை எந்த மாதம்வரை ஓடுகிறது, எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது, மழையில் எந்தச் சரிவு இடிந்தது என்பதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. முதல் கேள்விக்குப் பதிலாகச் சொன்ன குறிப்பேட்டை இதுவரை தொடங்காதிருந்தால் இந்த வாரமே தொடங்குங்கள். நடக்கின்ற மற்றவர்களையும் எழுதச் சொல்லி, தேதிவாரியாகத் தொகுத்து, கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது அதன் நகலை எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன், முடிவெடுக்கும் அதிகாரிகளில் ஒருவரையாவது உங்களுடன் அந்தப் பாதையில் ஒருமுறை நடக்க அழையுங்கள். ஓடையில் தண்ணீர் இருக்கும் மாதமாகப் பார்த்து அழையுங்கள்.